இஞ்சி போட்டியாடி?

என் பெரியம்மாவுக்கு இஞ்சி ஆகாது. மருத்துவர் சொல்லி ஆகாமல் போனதல்ல. அந்த வாசம் பட்டாலே முகம் கோணும், அவ்வளவுதான். போடிநாயக்கனூரிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை வருவார். கூடவே மஞ்சள் பையில் கால் கிலோ ஏலக்காயும் வரும். எங்கள் வீட்டு டீயோ இஞ்சியை நம்பியே காலம் தள்ளுகிற டீ. இஞ்சியை எடுத்துவிட்டால் சுடுதண்ணீரில் பால் ஊற்றியதுபோல் இருக்கும் என்பது என் எண்ணம்.

போன முறை அவர் வந்தபோது, இஞ்சிக்குப் பதிலாக வீட்டில் இருந்ததையெல்லாம் தட்டிப் போட்டேன். ஆறு ஏலக்காய், மூன்று கிராம்பு, விரல் நீளத்துக்குப் பட்டை. தண்ணீரில் பத்து நிமிடம் நன்றாகக் கொதித்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் "என்ன, இன்னிக்கு பிரியாணியா?" என்று கேட்கும் அளவுக்கு வீடு மணத்தது. பாலும் டீத்தூளும் போட்டு வடிகட்டிக் கொடுத்தேன். பெரியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏண்டி, ஏலத்தை மொதல்லயே போட்டு வேக வெச்சியாக்கும்? வாசம் பூராவும் அடுப்படியிலயே போயிருச்சு. டம்ளருக்குள்ள கசப்புதான் கெடக்கு."

ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊர்க்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஏன் சரி என்று தெரிந்துகொள்ளாமல் விட மனம் வரவில்லை. அதற்கு முதலில், டீக்குள் இஞ்சி என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. வேலை தெரிந்தால்தானே அதற்கு வேறு ஆள் வைக்க முடியும்?

நாம் அறுசுவை என்கிறோம்: இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, கார்ப்பு, துவர்ப்பு. இந்த ஆறில் முதல் நான்குக்கும் நாக்கில் சுவை மொட்டுகள் உண்டு. கடைசி இரண்டுக்கும் இல்லை. கார்ப்பு என்பது வலியையும் சூட்டையும் சொல்லும் நரம்பின் செய்தி. துவர்ப்பு, பெரும்பாலான ஆய்வாளர்கள் கணிப்பில், ஒரு தொடு உணர்வு. தேயிலையின் பாலிஃபீனால்கள் எச்சிலில் உள்ள வழுவழுப்பான புரதங்களைப் பிடித்துத் திரட்டிவிடுகின்றன. எச்சிலின் வழவழப்பு போய் நாக்கும் அண்ணமும் ஒன்றோடொன்று உரசும். அந்த உரசலைத்தான் துவர்ப்பு என்று உணர்கிறோம். ஆக, ஒரு நல்ல இஞ்சி டீ என்பது சுவை மொட்டுகளில் சேராத இந்த இரண்டு 'சுவை'களையும் நம்பி நிற்கிற பானம். துவர்ப்பைத் தேயிலை தருகிறது. கார்ப்பை இஞ்சி தருகிறது. என் டீயில் மசாலா நிறைய இருந்தது. கார்ப்புதான் இல்லை.

கார்ப்பை உணரும் கதவு எது என்பது 1997இல் தெரிந்தது. கலிஃபோர்னியாவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர், மிளகாயின் கேப்சைசினுக்குத் திறந்துகொள்ளும் புரதம் ஒன்றை நரம்பு செல்களில் கண்டுபிடித்தார்கள். டிஆர்பிவி1 என்று பெயர். அதே கதவு சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டுக்கும் திறந்துகொள்ளும். மிளகாயைக் கடித்தால் "எரியுது" என்று நாம் சொல்வது உவமை இல்லை. மூளைக்குப் போகும் தகவலே அதுதான். இந்த வேலைக்காக ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது, அர்டெம் படபூட்டியனோடு சேர்த்து. இஞ்சியில் உள்ள ஜிஞ்சரால் தட்டுவதும் இந்தக் கதவைத்தான். டீ ஏற்கெனவே சூடு. அந்தச் சூட்டோடு இஞ்சியும் சேர்ந்து ஒரே கதவைத் தட்டுவதால்தான் தொண்டைக்குள் இறங்கும்போது அந்தக் கதகதப்பு.

ஏலக்காய் இந்தக் கதவுப் பக்கமே போவதில்லை. அதன் எண்ணெயில் பெரும்பங்கு வகிக்கும் சினியோல், குளிர்ச்சியை உணரும் வேறொரு புரதத்தைத் தூண்டுகிறது. புதினாவின் மென்தால் தூண்டுவதும் அதையேதான். ஊட்டிக்குப் போனவர்கள் வாங்கிவரும் நீலகிரித் தைலத்திலும் முக்கியப் பொருள் சினியோல்தான். ஏலக்காயை அள்ளிப் போட்ட டீயில் லேசாக மருந்துக்கடை வாடை வருவதற்குக் காரணம் அது. இஞ்சியின் இடத்தில் ஏலக்காயை வைப்பது, கணப்புச் சட்டிக்குப் பதில் மின்விசிறியைக் கொண்டுவந்து வைப்பதுபோல. எத்தனை வைத்தாலும் சூடு வராது.

டிஆர்பிவி1ஐத் தட்டக்கூடிய ஆள் நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறார்: மிளகு. அதன் காரத்துக்குப் பொறுப்பான பைப்பரினை 1819இல் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஊர்ஸ்டெட். அடுத்த ஆண்டு, மின்சாரம் பாயும் கம்பிக்கு அருகில் காந்த ஊசி திரும்புவதைக் கண்டு சொன்ன அதே ஊர்ஸ்டெட்தான். பள்ளிப் புத்தகத்தில் காந்த ஊசியைப் பற்றி மட்டும் சொல்லித் தந்தார்கள். மிளகையும் சொல்லியிருந்தால் எனக்கு இயற்பியல் இன்னும் கொஞ்சம் பிடித்திருக்கும்.

பைப்பரினிடம் இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, அது ஆவியாகிப் பறந்து போகாது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் பாத்திரத்துக்குள்ளேயே கிடக்கும். மிளகை இடிக்கும்போது மூக்கில் ஏறுவது வேறு எண்ணெய்கள். காரம் வேறு, மணம் வேறு. இரண்டு, தண்ணீரில் அது லேசில் கரையாது. சாதாரண வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 40 மில்லிகிராமைத்தான் ஏற்கும். கொழுப்பு கிடைத்தால் நன்றாக ஒட்டிக்கொள்ளும். ரசத்தில் மிளகு உறைப்பதைவிட வெண்பொங்கலில் நெய்யோடு உறைப்பது நின்று உறைப்பதை நீங்களே கவனித்திருக்கலாம். ஆகவே மிளகை முதலில் தண்ணீரில் கொதிக்கவிட்டு, பிறகு பாலோடும் கொதிக்கவிட வேண்டும். இரண்டு டம்ளருக்கு நான்கு மிளகு போதும். உரலில் ஒரு தட்டு, மாவாக வேண்டாம். மாவாக்கினால் வடிகட்டியைத் தாண்டி வந்து கடைசி வாயில் தொண்டையைக் கமறவைக்கும்.

கார்ப்புக்கு ஆள் கிடைத்தாயிற்று. ஆனால் மிளகு டீயைக் குடித்தால் இஞ்சி டீ நினைவுக்கு வராது. சளி பிடித்தபோது குடித்த கஷாயம்தான் நினைவுக்கு வரும். இஞ்சியின் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. பச்சை இஞ்சியை நறுக்கி முகர்ந்து பாருங்கள். காரத்துக்கு மேலே எலுமிச்சைத் தோல்போல ஒரு பளிச்சென்ற வாசம் எழும். அதற்கு முக்கியக் காரணம் சிட்ரால் என்ற பொருள். அந்த வாசத்துக்காக எலுமிச்சையைப் பிழிய முடியாது, பால் திரிந்துவிடும். பாலின் கேசீன் புரதம் பொடிப்பொடித் துகள்களாக மிதந்துகொண்டிருக்கிறது. ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதால்தான் அவை சேராமல் இருக்கின்றன. அமிலம் சேர்ந்தால் அந்த விலக்கம் போய்த் திரண்டுவிடும். சூடான பாலில் இன்னும் சீக்கிரம்.

நமக்கு வேண்டியது புளிப்பில்லாத எலுமிச்சை. அப்படி ஒன்று புல்லாக முளைக்கிறது. எலுமிச்சம்புல், வாசனைப்புல், லெமன்கிராஸ், எந்தப் பெயரில் சொன்னாலும் சரி. அதன் எண்ணெயில் முக்கால் பங்கு அளவுக்குச் சிட்ரால்தான். அமிலம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை, பால் பத்திரமாக இருக்கும். குஜராத்தில் பால் டீயில் இதை வெட்டிப் போடுவது சாதாரண வழக்கம். காய்கறிக் கடையில் புதினாவோடு இந்தப் புல்லையும் கட்டாகத் தருவார்கள். போடி மலையேறி அந்தப் பக்கம் இறங்கினால் மலையாளத்தில் இதற்குப் பெயர் இஞ்சிப்புல்லு! சிட்ரால் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள், இரண்டையும் முகர்ந்து பார்த்தே ஒரே பெயரில் சேர்த்துவிட்டார்கள்.

மிளகின் காரமும் எலுமிச்சம்புல்லின் மணமும் சேர்ந்தால் இஞ்சி வந்துவிடுமா? வராது. இஞ்சிக்கே உரிய மண்வாசம் கலந்த ஒரு கனம் உண்டு. அதைத் தருகிற ஜிஞ்சிபெரீன் இந்தப் புல்லில் இல்லை. ஆனால் பாலும் சர்க்கரையும் தேயிலையும் சேர்ந்த பிறகு, இல்லாத அந்த ஒன்றை நாக்கு பெரிதாகத் தேடுவதில்லை.

"சுக்கு போடலாமே" என்று யாராவது சொல்லக்கூடும். சுக்கும் இஞ்சிதான், பெரியம்மாவிடம் அது செல்லாது. தவிர, சுக்கு இன்னும் முரடு. இஞ்சி காயும்போது ஜிஞ்சராலிலிருந்து நீர் மூலக்கூறு ஒன்று கழன்று ஷோகாலாக மாறுகிறது. காரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இஞ்சிக்கு ஜப்பானியப் பெயர் 'ஷோகா'. அதிலிருந்து வந்த பெயர் அது. நேர்மாறாக, இஞ்சியை வேகவைத்தால் ஜிஞ்சராலில் ஒரு பகுதி ஜிஞ்சரோன் என்ற சாதுவான, சற்று இனிப்பு வாசமுள்ள பொருளாகிவிடும். பச்சை, வெந்தது, காய்ந்தது என்று மூன்று நிலையில் மூன்று குணம்.

இஞ்சி இல்லாமல் டீ போடுவதில் ஒரு லாபமும் இருக்கிறது. பச்சை இஞ்சியில் ஜிஞ்சிபெயின் என்ற நொதி உண்டு. புரதத்தை வெட்டும் வேலை அதற்கு. கொதி வராத பாலில் இஞ்சியைத் துருவிப் போட்டால், சுமார் 60, 70 டிகிரியில் அது பாலின் கேசீனை வெட்டித் திரளவைத்துவிடும். சீனாவின் குவாங்டாங் மாநிலத்தில் வேண்டுமென்றே இதைச் செய்கிறார்கள்: இஞ்சிச் சாற்றின் மேல் சூடான பாலை ஊற்றி அசையாமல் வைத்தால், சில நிமிடத்தில் உறைந்த இனிப்பு தயார். நம் அடுப்பில் இது நடந்தால் "பால் கெட்டுப்போச்சு" என்று பால்காரரைத் திட்டுவோம். இஞ்சியைத் தண்ணீரில் கொதிக்கவைத்த பிறகே பால் ஊற்ற வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதனால்தான். கொதியில் நொதி செத்துவிடும். மிளகிலும் எலுமிச்சம்புல்லிலும் இந்தத் தொல்லை இல்லை.

பெரியம்மாவின் குற்றச்சாட்டுக்கு வருவோம். வாசம் அடுப்படியிலேயே போய்விட்டது என்றார். சினியோல் 176 டிகிரியில் கொதிக்கும் பொருள். 100 டிகிரியைத் தாண்டாத தண்ணீரில் அது எப்படிப் பறந்து போகும் என்று கேட்கத் தோன்றும். தண்ணீரோடு கலக்காத எண்ணெய் ஒன்று தண்ணீருக்குள் இருந்தால், இரண்டும் தனித்தனியே ஆவியழுத்தம் கொடுக்கும். இரண்டின் கூட்டுத்தொகை காற்றழுத்தத்தைத் தொட்டுவிட்டால் கொதி வந்துவிடும். ஆகவே கலவை 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கும். நீராவி எண்ணெயையும் தூக்கிக்கொண்டு கிளம்பும். ஏல எண்ணெய், கிராம்பு எண்ணெய், புல் தைலம் எல்லாவற்றையும் ஆலையில் வடிப்பது இந்த முறையில்தான். ஆலையில் அந்த ஆவியைக் குழாயில் பிடித்துக் குளிரவைத்துக் காசாக்குகிறார்கள். நான் சமையலறை ஜன்னலுக்கு விட்டேன். அன்றைக்கு வீட்டை நிறைத்த மணம் அத்தனையும் டம்ளரிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டிய கணக்கு.

ஏலக்காயைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பச்சைத் தோல் காகிதம்போல. அதில் எண்ணெய் சொற்பம். உள்ளே மூன்று அறை, ஒவ்வொன்றிலும் கறுத்த விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரிசையாக. நல்ல காயாக இருந்தால் விதை விரலில் லேசாகப் பிசுபிசுக்கும். எண்ணெய் முழுவதும் விதைத்தோலுக்குச் சற்று அடியில், ஒரே ஒரு அடுக்கு செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. நகத்தால் அழுத்தி ஒரு விதையை நசுக்கினாலே அந்த அறைகள் உடைந்து மணம் கிளம்பிவிடும். அவ்வளவு மேலோட்டமாக இருப்பதை வெளிக்கொண்டுவரப் பத்து நிமிடக் கொதி எதற்கு? சந்தையில் 8 மில்லிமீட்டர் காய்க்கும் பச்சை நிறத்துக்கும் கூடுதல் விலை. டீக்கு அது முக்கியமில்லை. தோல் வெளிறிய சின்னக் காயாக இருந்தாலும் விதை கறுத்துப் பிசுபிசுத்தால் வாங்கலாம்.

ஒரு சின்னச் சோதனை செய்தேன். ஒரே அளவு தண்ணீர், பால், தூள். ஒரு பாத்திரத்தில் இரண்டு ஏலக்காயை ஆரம்பத்திலேயே போட்டேன். இன்னொன்றில் அடுப்பை அணைக்கும்போது போட்டுத் தட்டால் மூடி இரண்டு நிமிடம் வைத்தேன். எது எது என்று சொல்லாமல் வீட்டில் நான்கு பேருக்குக் கொடுத்தேன். நால்வரும் இரண்டாவதைக் காட்டினார்கள். நான்கு பேரை வைத்து ஆய்வு என்று சொல்லிக்கொள்ள முடியாது, தெரியும். ஆனால் அன்றிலிருந்து என் ஏலக்காய்ச் செலவு பாதியாகிவிட்டது.

மூடி வைப்பதும் சும்மா இல்லை. ஆவி தட்டில் பட்டுக் குளிர்ந்து சொட்டாகத் திரும்பி விழுகிறது. தட்டை எடுக்கும்போது அந்தச் சொட்டுகளைப் பாத்திரத்துக்குள்ளேயே சாய்த்துவிடுங்கள். ஈயை விரட்டுவதுபோல் உதற வேண்டாம்.

எலுமிச்சம்புல்லுக்கும் இதே நியாயம்தான், கொஞ்சம் தளர்வோடு. இலை நார் நிறைந்தது, எண்ணெயை அவ்வளவு சீக்கிரம் விடாது. பாலோடு சேர்த்து இரண்டு, மூன்று நிமிடம் கொடுக்கலாம். பட்டை அப்படியில்லை, கட்டை. அதற்கு நேரம் வேண்டும், மிளகோடு முதலிலேயே போகட்டும். இலங்கைக் கறுவா என்றால் காகிதம்போன்ற பல மெல்லிய அடுக்குகள் சுருட்டு மாதிரி சுருண்டிருக்கும். கடையில் பெரும்பாலும் கிடைக்கும் தடித்த ஒற்றைப் பட்டை வேறு மரத்தினுடையது. அதில் கூமரின் என்ற பொருள் கூடுதல், நாள் தவறாமல் நிறையச் சேர்ந்தால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கக்கூடியது. தினமும் டீயில் பட்டை போடுகிறவர்கள் சுருட்டுப் பட்டையைத் தேடி வாங்குவது நல்லது. கிராம்பு இரண்டு டம்ளருக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். அதன் யூஜினால் நாக்கை மரக்கவைக்கும். மரத்த நாக்கிடம் மற்ற மணங்களைக் காட்டி என்ன பயன்? அன்று நான் போட்ட மூன்று கிராம்பு எவ்வளவு பெரிய தப்பு என்று இப்போது தெரிகிறது.

பாலுக்கு இங்கே இரண்டு பக்கமும் பேசும் வேலை. அதன் கேசீன் தேயிலையின் பாலிஃபீனால்களைப் பிடித்துவைத்துக்கொள்வதால் துவர்ப்பு அடங்குகிறது. கொழுப்பு, மிளகின் காரத்தை வாங்கிக்கொள்கிறது. அதே கொழுப்பு வாசனை எண்ணெய்களையும் பிடித்து வைத்துக்கொண்டு மூக்குக்கு விடாமல் கஞ்சத்தனமும் செய்கிறது. டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், ஃபுல் கிரீம் பாலில் 6. கெட்டிப் பாலில் போட்ட டீ நாக்குக்கு இதமாக இருக்கும், ஆனால் மணம் ஒரு படி இறங்கித்தான் வரும். நான் டோன்டு பால் கட்சி. இரண்டு பங்கு தண்ணீருக்கு ஒன்றரைப் பங்கு பால்.

தூளுக்கு விலை உயர்ந்த முழு இலைத் தேயிலை வேண்டாம். பால் டீக்கென்றே பிறந்தது சிடிசி தூள். 1930களின் தொடக்கத்தில் அஸ்ஸாமில் வில்லியம் மெக்கர்ச்சர் உருவாக்கிய இயந்திரம், பற்கள் உள்ள உருளைகளுக்கு இடையில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டியது. செல்கள் உடைந்து, சாறு முழுவதும் காற்றுபட்டுக் கறுத்து, சில நிமிடத்தில் நிறமும் கடுப்பும் இறங்கும் குருணை கிடைத்தது. மலிவாகவும் கிடைத்தது. மசாலா டீ இந்த நாட்டில் தெருத்தெருவாகப் பரவியதில் இந்தக் குருணைக்குப் பெரும் பங்கு உண்டு. பாலும் மசாலாவும் சேர்ந்தாலும் உள்ளே தேயிலை இருப்பது தெரிய வேண்டுமென்றால் இந்தக் கடுப்பு அவசியம்.

இனிப்பு பற்றி ஒரே ஒரு வார்த்தை. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எதுவானாலும் அடுப்பில் இருக்கும் டீயில் போடாதீர்கள். அவற்றில் இருக்கும் லேசான அமிலமே கொதிக்கும் பாலைத் திரிக்கப் போதும். டம்ளரில் போட்டு, மேலே டீயை ஊற்றிக் கலக்குங்கள்.

இரண்டு டம்ளருக்கு இப்போது நான் செய்வது இது. 200 மில்லி தண்ணீரில் தட்டிய மிளகு நான்கு, கிராம்பு ஒன்று, கட்டைவிரல் நகமளவு பட்டை. ஐந்து நிமிடம் கொதி. தீயைக் குறைத்து டீத்தூள் இரண்டு சிறு கரண்டி, ஒரு நிமிடம். பால் 150 மில்லி, கூடவே முடிச்சுப் போட்ட எலுமிச்சம்புல் ஓர் இலை. பொங்கி வரும்போது இறக்கி அடக்கி, இரண்டு முறை பொங்கவிட்டு அணைத்துவிடுவேன். நசுக்கிய ஏலக்காய் இரண்டு. தட்டு போட்டு மூடி, இரண்டு நிமிடம் அடுப்படியை விட்டு வெளியே வந்துவிடுவேன், திறந்து பார்க்கும் ஆசை வராமலிருக்க. ஆற்றுவதென்றால் ஒரு முறை போதும். கடைக்காரர்போல் ஒரு முழ உயரத்துக்கு ஆற்றினால், மூடிக் காப்பாற்றிய மணம் காற்றோடு போகும்.

இந்த முறை வந்தபோது பெரியம்மாவுக்கு இதைத்தான் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். முகம் கோணவில்லை. ஆனால் டம்ளரை இறக்கி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இஞ்சி போட்டியாடி?"

வடிகட்டியில் கிடந்த புல் முடிச்சை எடுத்துக் காட்டிய பிறகுதான் மிச்சத்தைக் குடித்தார். ஊருக்குத் திரும்பும்போது வேரோடு ஒரு குத்து பெயர்த்து, ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன். தொட்டியில் நட்டு வெயில் படும் இடத்தில் வைத்தால் போதும், சில மாதத்தில் புதராகிவிடும். நீங்களும் யாரிடமாவது ஒரு குத்து கேட்டு வாங்கி நடுங்கள். வெட்டும்போது கத்தரிக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இலையின் ஓரம் விரலை அறுக்கும்.